அடைப்புக்குறிக்குள் ஒரு பறை

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் ஒரே ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன்னால் உட்கார்ந்து கழித்தேன். சர்வதேச அரசியல் பற்றிய கட்டுரை ஒன்றை ஓர் இதழுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடை, தூதரக உறவு, வீட்டோ அதிகாரம் என்று எல்லாவற்றுக்கும் கைவசம் சொற்கள் இருக்கின்றன. இருபது வருடப் பழக்கத்தில் விரல்களே அவற்றைத் தட்டிவிடும். நான்காம் பக்கத்தில் 'பரையா ஸ்டேட்' என்ற தொடர் வந்தது. விரல்கள் நின்றுவிட்டன.

'பரையா' என்று நான் எழுதுவது ஆங்கிலேயர் வாயில் அது ஒலிக்கும் விதத்தில். நம்முடைய வல்லின றகரம் கடல் கடந்ததும் இடையின ரகரமாகத் தேய்ந்துவிட்டது. இக்கட்டுரை முழுவதும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை ரகரத்திலும் தமிழ்ப் பெயரை றகரத்திலும் எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு என்று நான் நம்புவதாக இதற்குப் பொருளில்லை. ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் இது மிகச் சாதாரணமான சொல். ஊழலில் சிக்கிய விளையாட்டு வீரர், கட்சி மாறிய அரசியல்வாதி, பள்ளியில் யாரும் பேசாத சிறுமி என்று யாரையும் அது குறிக்கும். 2019 நவம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான வேட்பாளர் விவாதமொன்றில், சவூதி அரேபியாவைப் பற்றிப் பேசும்போது ஜோ பைடன் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அதிபரான பின் 2022இல் அதே நாட்டுக்குப் பயணம் போனபோது செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தன. இந்திய ஆங்கில இதழ்களின் அரசியல் பத்திகளிலும் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் யாரையும் இழிவுபடுத்த எண்ணுவதில்லை. அவர்களுக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1986இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஆங்கிலச் சொற்களைச் சேகரிப்பது அப்போது எனக்கு ஒரு நோய். கோடு போட்ட நோட்டில் ஒரு நாளைக்குப் பத்து சொற்கள்; அவற்றைப் பேச்சில் எங்காவது நுழைத்துவிடாமல் தூக்கம் வராது. விடுதிச் சாப்பாட்டுக் கணக்கில் ஏதோ தகராறு வந்து, எங்கள் தளத்து மாணவர்கள் சில நாட்கள் என்னோடு பேசாமல் இருந்தார்கள். அப்போது அறைத்தோழனிடம், இந்த விடுதியில் நான் ஒரு பரையா ஆகிவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வருத்தத்தோடு சொன்னதாக ஞாபகமில்லை. புதிய சட்டை போட்டுக்கொண்டவனின் தோரணையில்தான் சொல்லியிருப்பேன்.

"அப்படின்னா என்னடா?" என்று கேட்டான்.

"ஒதுக்கி வச்சவன். யாரும் சேத்துக்க மாட்டாங்க, அந்த மாதிரி."

எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னான். சொன்னேன். அவன் கணித மாணவன், ஆங்கிலத்தில் ஆர்வமில்லாதவன். எதற்கு இத்தனை அக்கறை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் மாலை நூலகத்திலிருந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

"டிக்ஷனரில பாத்தேன்டா. அடைப்புக்குறிக்குள்ள எங்கப்பா இருக்காரு. வெளிய அந்த அர்த்தம் இருக்கு."

அவன் அப்பா பறையடிப்பவர். லால்குடிப் பக்கத்து ஊர். சாவுக்கும் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல ஆங்கில அகராதிகள் சொல்லின் பிறப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் தரும். தமிழ்ச் சொல், பறை என்னும் முரசிலிருந்து வந்தது, பரம்பரையாகப் பறையடிப்பவர் என்று அங்கே இருக்கும். அடைப்புக்குறி மூடியதும் பொருள் தொடங்கும்: சமூகத்தால் வெறுத்து ஒதுக்கப்பட்டவர்.

நான் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "இங்கிலீஷ்ல அது வேறடா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." அவன் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, புள்ளியியல் புத்தகத்தைத் திறந்துகொண்டான். எங்கள் நட்பு முறிந்துவிடவில்லை. தேர்வுக்குச் சேர்ந்தே படித்தோம், சேர்ந்தே சினிமாவுக்குப் போனோம். ஆனால் அந்த நோட்டில் அதன்பிறகு நான் அதிகம் எழுதவில்லை.

ஆங்கிலத்தில் அது வேறு என்ற என் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்று பிற்பாடு பல வருடங்கள், ஒழுங்கில்லாமல், கிடைத்ததைக்கொண்டு தேடியிருக்கிறேன்.

தேடலில் முதலில் கைக்கு வந்தது ஹாப்ஸன்-ஜாப்ஸன். ஹென்றி யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். இந்த இருவரும் அன்றைக்கே விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்: இது தமிழ்நாட்டில் பெருந்தொகையாக உள்ள ஒரு சாதியின் பெயர், சாதியிலிருந்து விலக்கப்பட்டவர் என்று ஐரோப்பியர் இதற்குக் கொடுக்கும் பொருள் தவறு. நம்மூரில் சாதிப்பிரஷ்டம் என்று ஒன்று இருந்தது, அது வேறு. பறையர்கள் எதிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் அல்ல. அவர்களுக்குள் பங்காளி உண்டு, சம்பந்தி உண்டு, பஞ்சாயத்து உண்டு. பறையடித்தவர்களும் அவர்களில் சிலர்தான். பெரும்பான்மையோர் காவிரிப் படுகையிலும் பாலாற்றங்கரையிலும் மற்றவர்களுடைய வயலில் உழைத்தவர்கள். நாம் தின்ற சோற்றில் அவர்கள் கை படாத பருக்கை இருந்திருக்க வழியில்லை. இது என் சேர்க்கை, யூலுடையது அல்ல.

போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா 1516 வாக்கில் எழுதிய குறிப்பில் இப்பெயர் வந்துவிட்டது. நூறு ஆண்டுகள் கழித்து ஆங்கில நூல்களில் தலைகாட்டுகிறது. அதுவரை அது ஒரு சிறப்புப் பெயர்தான், தொலைதூர நாடொன்றின் மக்கள்கூட்டத்தின் பெயர். அதைப் பொதுப்பெயராக்கிய வேலையில் பெரும்பங்கு ஓர் பிரெஞ்சுக்காரருடையது. வெறுப்பினால் அல்ல, இரக்கத்தினால் அவர் அதைச் செய்தார். பெர்னார்தின் த சேன்-பியேர், 'பாலும் வர்ஜீனியும்' எழுதியவர், பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் 'இந்தியக் குடிசை' என்றொரு கதை எழுதினார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கில அறிஞர் ஒருவர் ஜகந்நாதத்துப் பிராமண குருவிடம் ஏமாந்து திரும்பும் வழியில், புயலுக்கு அஞ்சி ஒரு குடிசையில் ஒதுங்குகிறார். குடிசைக்காரன் 'பரியா'. அவன் மனைவியோ பிராமண விதவை. நூல்களில் கிடைக்காத உண்மை அறிஞருக்கு அங்கே கிடைக்கிறது. ரூஸோவின் சீடர் எழுதியது வேறெப்படி இருக்கும்! கதை ஐரோப்பா முழுவதும் பரவியது. யூல் இக்கதையின் மேல் ஏகக் கடுப்போடு எழுதுகிறார். சொல்லின் பொருள் திரிந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்.

அதற்குப் பிறகு வெள்ளம்தான். 1821இல் கசிமீர் தெலவீன் 'பரியா' என்று ஒரு நாடகம் எழுதினார். அதை வைத்து தோனிசெத்தி அமைத்த இசைநாடகம் 1829இல் நேப்பிள்ஸில் அரங்கேறியது. கதேயும் 'பரியா' என்ற தலைப்பில் மூன்று கவிதைகள் எழுதியிருக்கிறார். அவற்றின் கரு நமக்குத் தெரிந்ததுதான்: வெட்டுண்ட தாயின் தலையைத் தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தியின் உடலோடு மாற்றிப் பொருத்திவிட்ட கதை, நம் கிராமங்களில் ரேணுகையின் கதையாகவும் மாரியம்மன் கதையாகவும் வழங்குவது. சொன்னேரா என்ற பிரெஞ்சுப் பயணியின் 1782ஆம் ஆண்டு நூல் வழியாக அது ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. தெருக்கூத்திலும் உடுக்கடிப் பாட்டிலும் கேட்ட கதை வைமாரில் ஒரு கவியின் மேசையில் கிடந்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் பெருமிதம் வந்தது. பிறகு தலைப்பை மறுபடி பார்த்தேன்.

ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண் 1838இல் தன் பயணநூலின் தலைப்பிலேயே தன்னைப் பரியா என்று அழைத்துக்கொண்டாள். கணவனைப் பிரிந்த பெண்ணுக்கு அன்றைய பிரான்ஸில் இருந்த இடம் அது. மாக்ஸ் வேபர் யூதர்களை இச்சொல்லால் விளக்கினார். ஹானா ஆரெண்ட் 1944இல், நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் வந்து சேர்ந்த சில ஆண்டுகளில், யூதரைப் பரையாவாகக் காணும் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். ஹைனே, பெர்னார் லசார், சாப்ளின், காஃப்கா ஆகியோரை அதில் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். தன்னை ஒதுக்கும் சமூகத்தில் எப்படியாவது ஒட்டிக்கொள்ள முயல்பவனுக்கு எதிராக, ஒதுக்கப்பட்ட நிலையை அறிந்தே ஏற்று அதிலிருந்து பேசுபவனை அவர் வைக்கிறார். அக்கட்டுரையில் இச்சொல்லுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் படித்து முடித்தபோது லால்குடிப் பக்கத்து ஊரில் ஒருவர் நெருப்பில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பதுதான் மனதில் வந்தது. உலகத்து அகதிகள் எல்லோரும் தங்கள் துயரத்தைச் சொல்ல அவர் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

ஒரு மக்களின் பெயர் பொதுப்பெயராவது ஆங்கிலத்தில் புதிதல்ல. அடிமைக்கான ஆங்கிலச் சொல்லில் ஸ்லாவியர் இருக்கிறார்கள். கண்டதை உடைப்பவனுக்கான சொல்லில் வாண்டல் இனத்தவர். ரசனையற்றவனுக்கான சொல்லில் பெலிஸ்தியர். வாண்டல்கள் இன்று யாரும் இல்லை. அகராதியைத் திறந்து புண்பட ஒருவரும் வரப்போவதில்லை. பறையர்கள் இருக்கிறார்கள். என் அறையிலேயே ஒருவன் இருந்தான்.

ஆங்கிலேயரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. என் பாட்டி பேரப்பிள்ளைகள் மேல் கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் 'சண்டாளப் பயலே' என்பாள். மனு முதலிய பழைய தர்மநூல்களில் சண்டாளர் என்பது ஒரு சாதியின் பெயர். சிறப்புப் பெயரை வசையாக்கி, வசையைச் செல்லமாக்கி, எல்லாவற்றையும் மறந்துபோகும் வித்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒருவரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதே பெயர் ரகரத்தோடு ஆங்கிலத் தாளின் தலைப்பில் வந்தால் அதைக் காப்பியோடு சேர்த்துப் படித்துவிடுகிறோம்.

அப்பெயருக்கு உரியவர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைக் கேட்டு மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்களோ அதையே முகப்பில் அச்சிட்டார். அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசர் அப்பெயரையே ஏற்க மறுத்தவர். அது எதிரிகள் சூட்டிய பெயர், நாம் பூர்வத் தமிழர் என்பது அவர் நிலை. 1907இல் தொடங்கிய பத்திரிகைக்கு அவர் இட்ட பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரே குடும்பத்துக்குள் இப்படி இரண்டு பதில்கள். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் அரசாங்க ஆவணங்களில் பழைய பெயர்கள் போய் ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. ஆங்கில அகராதிக்கு அந்த அரசாணை போய்ச் சேரவில்லை.

தமிழர் போன இடங்களுக்கும் இச்சொல் போயிற்று. மலாய் மொழியிலும் அது வசையாக வழங்குகிறது. 1971இல் வெளிவந்த அப்துல்லா ஹுசைனின் 'இண்டர்லோக்' நாவல் 2011இல் மலேசியப் பள்ளிகளில் பாடமாக வைக்கப்பட்டபோது, அதில் இந்தியக் குடியேறிகளைக் குறித்து இச்சொல் வருவதற்காகப் பெரும் எதிர்ப்பு எழுந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் கோபத்தில் எத்தனை பங்கு ஒரு சாதியை வசையாக்கியதற்கு எதிரானது, எத்தனை பங்கு எங்களைப் போய் அந்தச் சாதி என்று சொல்லிவிட்டார்களே என்பது? இரண்டாவது பங்கு இருந்திருந்தால் அது நாவலாசிரியர் மேல் வந்த கோபம் அல்ல.

பறை என்ற வேர்ச்சொல்லைப் பார்த்தால் இத்தனைக்கும் அங்கே முகாந்திரமே இல்லை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் 'பறயுக'தான். கன்னியாகுமரிப் பக்கத்திலும் காதில் விழும். தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சேர்க்கிறது. திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் கேட்பதும் பறைதான். அதற்கு ஆச்சாரியர்கள் எழுதிய விளக்கங்கள் எவ்வளவு ஆழமானவை என்று வைணவ நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மார்கழியில் அதைக் கேட்டு உருகுகிறவர்கள் தை மாதத்தில் பறையோசை கேட்டால் யார் வீட்டில் சாவு என்று விசாரிப்பார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அன்று மாலை நான்காம் பக்கத்தில் என்னால் நகர முடியவில்லை. 'தீண்டத்தகாத நாடு' என்று எழுதலாம்; பல பேர் எழுதியிருக்கிறார்கள். அது காயத்தை வேறு இடத்துக்கு மாற்றுவது. 'ஒதுக்கப்பட்ட நாடு' என்றால் யாருக்கும் வலிக்காது, ஆனால் பொருள் நீர்த்துப்போகிறது. இரவு எட்டரைக்கு நண்பனுக்குத் தொலைபேசினேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவன் அப்பா காலமாகி வெகுநாளாகிறது. மகன் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பறையாட்டக் குழுவில் இருக்கிறான். விடுதியில் நடந்ததை நான் குறிப்பிடவில்லை. விஷயத்தை மட்டும் சொல்லி, என்ன எழுதலாம் என்று கேட்டேன்.

"எந்த நாடு?" என்றான்.

சொன்னேன்.

"அத யாரு ஒதுக்கினது?"

அமெரிக்காவும் சில ஐரோப்பிய நாடுகளும் என்றேன்.

"அப்ப அத எழுதேன். யாரு ஒதுக்கினாங்கன்னு எழுதாம, ஒதுங்கிக் கெடக்குதுன்னு எழுதினா எப்படி?" என்றவன் சற்று நிறுத்தி, "உன் நோட்டு இன்னும் இருக்காடா?" என்று கேட்டான்.

அவன் மறக்கவில்லை. நோட்டு தொலைந்துவிட்டது என்றேன். அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்து, தொலைபேசியில், மொழிபெயர்ப்புக்கு உதவி கேட்ட கையோடு. "சரி சரி, சாப்டியா?" என்றான். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கேட்டது கணக்கு வாத்தியார் கேள்வி. அதன் இலக்கணம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. பரையா என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் எழுவாய் இல்லை. ஒருவன் உயரமானவன், ஒருவன் செவிடன் என்பதைப் போல ஒருவன் பரையா. அது அவனுடைய இயல்பு ஆகிவிடுகிறது. செய்தவர்கள் சொல்லுக்குள் எங்கும் இல்லை. தமிழில் 'ஒதுக்கிவைத்த' என்று வினையாக எழுதத் தொடங்கினால், யார் என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. 'ஒதுக்கப்பட்ட' என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் அக்கேள்வியைப் பாதியிலேயே அமுக்கிவிடலாம். நான் அதைத்தான் எழுத இருந்தேன்.

'அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் ஒதுக்கிவைத்திருக்கும் நாடு' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து இதழிலிருந்து அழைத்தார்கள். கட்டுரைக்குள் அப்படியே வைத்துக்கொள்கிறோம், ஆனால் அதே தொடர் தலைப்பிலும் வருகிறது, அங்கே இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை, 'தீண்டத்தகாத நாடு' என்று போட்டிருக்கிறோம், பரவாயில்லையா என்று கேட்டார்கள். பரவாயில்லாமல் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசினோம். ஆங்கில மூலத்தில் இருப்பது இதைவிடக் கடுமையான சொல்தானே என்றார் அந்த உதவி ஆசிரியர், இளைஞர், நன்றாகப் படித்தவர். அவரிடம் அகராதியின் அடைப்புக்குறியைப் பற்றிச் சொன்னேன். தெரியும் சார், ஆனால் இங்கிலீஷில் அது வேறு அர்த்தமாகிவிட்டதில்லையா என்றார்.

கடைசியில் 'தனித்துவிடப்பட்ட நாடு' என்று அச்சாயிற்று. இதழின் பிரதி வந்து பத்து நாளாகிறது. நண்பனுக்கு இன்னும் அனுப்பவில்லை.